செயின்சோவுக்கு ஊற்றும் பெற்றோலும் வரிச்சலுகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரம் வெட்டும், கிளை கழிக்கும் இயந்திரங்களுக்கு ஊற்றும் எரிபொருளுக்கு வரிச்சலுகை வேண்டும் என்ற பேச்சு எங்கள் தொழிலில் அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் பிரித்தானியாவில் சில தொழில்களுக்குச் சாயம் கலந்து குறைந்த தீர்வையில் விற்கும் சிவப்பு டீசலைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். சலுகை வேண்டும் என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் சிவப்பு டீசல் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கொழும்பில் மரவேலை செய்பவனுக்கு ஒரு சதமும் மிஞ்சாது, கலப்படக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். சாயம் போட்ட மலிவு எரிபொருள் நமக்கு வேண்டாம். கட்டிய வரியைப் பற்றுச்சீட்டைக் காட்டித் திரும்பப் பெறும் முறையே வேண்டும். அதில் பெற்றோலும் அடங்க வேண்டும்.

பெற்றோலை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு இயந்திரங்களைப் பார்த்தாலே போதும். மரத்தில் ஏறிக் கிளை வெட்டும் சிறிய செயின்சோ, அடிமரம் துண்டு போடும் பெரிய செயின்சோ, நீளக் கம்பு வைத்த வாள், வேலி கத்தரிக்கும் இயந்திரம், புல்வெட்டி, இலை ஊதி என எல்லாமே பெற்றோலில் ஓடுபவை. அவற்றிலும் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக், அதாவது பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்ற வேண்டியவை. டீசல் குடிப்பவை இரண்டுதான்: கிளைகளைத் தூளாக்கும் சிப்பர், தொட்டியில் ஆளை ஏற்றி உயர்த்தும் பூம் ட்ரக். நகரத்துச் சிறு குழுக்கள் பலவற்றிடம் இந்த இரண்டுமே கிடையாது. வாடகைக்கு எடுப்பார்கள், அல்லது கயிறும் ஏணியும் வைத்தே வேலையை முடிப்பார்கள்.

இனிப் பிரித்தானியாவுக்கு வருவோம். அங்கே வீதி வாகனத்துக்கான டீசலுக்கு முழுத் தீர்வை, சிவப்புச் சாயமும் இரசாயன அடையாளமும் கலந்த டீசலுக்குக் குறைந்த தீர்வை. 2022 மார்ச் வரவுசெலவு அறிவிப்புக்குப் பின் முழுத் தீர்வை லீற்றருக்கு 52.95 பென்ஸ், சிவப்பு டீசலுக்கு 10.18 பென்ஸ். 2022 ஏப்ரல் 1 முதல் சிவப்பு டீசலைப் பயன்படுத்தக் கூடியோர் பட்டியல் வெகுவாகச் சுருங்கியது. கட்டுமானத் துறை உட்படப் பலர் உரிமையை இழந்தார்கள். விவசாயம், தோட்டப் பயிர்ச்செய்கை, மீன் வளர்ப்பு, வனவியல் போன்றவை தப்பின. அப்படியானால் வீட்டு வளவில் நிற்கும் மரத்தை வெட்டுபவர் எந்தத் தலைப்புக்குள் வருகிறார்? அங்குள்ள மரவேலைக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டதும் இந்தக் கேள்வியில்தான். காட்டில் நின்று மரம் தூளாக்கும் சிப்பரும், மறுநாள் நகரத்துத் தோட்டமொன்றில் அதே வேலையைச் செய்யும் அதே சிப்பரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்றால், தாங்கியில் மிச்சமிருக்கும் எண்ணெயை என்ன செய்வது? சாயம் எண்ணெயோடு ஒட்டியது, வேலையோடு ஒட்டியதல்ல. அந்த முறையின் அடிப்படைக் குறை இதுதான்.

போதாததற்கு, அங்கே பெற்றோலுக்கு இப்படி ஒரு சலுகையே இல்லை. செயின்சோவுக்கு ஊற்றும் ஒவ்வொரு லீற்றருக்கும் காரோட்டி கட்டும் அதே தீர்வைதான். நமது இயந்திரங்களில் பெரும்பாலானவை பெற்றோலில் ஓடும்போது அந்தச் சட்டத்தை நகலெடுத்து யாருக்கு லாபம்?

இங்கே விலை வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். டீசல் அதைவிடப் பல மடங்கு. பஸ், லொறித் தாங்கிகளுக்குள் மண்ணெண்ணெய் போனது ஊரறிந்த கதை. அந்த மாதமே மண்ணெண்ணெய் விலை 340 ரூபாய்க்கு ஏற்றப்பட்டது. அடி வாங்கியவர்கள் விளக்குக்கும் அடுப்புக்கும் சிறுபடகுக்கும் மண்ணெண்ணெயை நம்பியிருந்தவர்கள். சாயம் போட்ட மலிவு டீசல் வந்தாலும் இதே கதைதான் நடக்கும். வீதியில் வாகனத்தை மறித்துத் தாங்கியில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஏற்பாட்டை நாடு முழுவதும் நடத்த ஆகும் செலவு, கொடுக்கும் சலுகையைவிடக் கூடிவிடும்.

கலப்படத்தில் செயின்சோ படும் பாடு தனி. காரின் இயந்திரம் தட்டும் சத்தம் கொடுத்து எச்சரிக்கும். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுற்றும் செயின்சோவில் அந்தச் சத்தம் காதில் விழுமுன்பே பிஸ்டனில் கோடு விழுந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலின் ஒக்டேன், அதாவது நேரத்துக்கு முன் வெடிக்காமல் தாங்கும் தன்மை, குறைவு. நேரம் தவறி வெடித்து சிலிண்டர் சூடேறும். எண்ணெய்ப் படலம் அறுந்து பிஸ்டன் புகைபோக்கிப் பக்கமாகச் சிராய்க்கும். பிறகு பிஸ்டன், சிலிண்டர், வளையம் மூன்றையும் மாற்ற வேண்டும், அதாவது இயந்திரத்தின் பாதி விலை. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒயில் கலக்குமுன் வெள்ளைக் கடதாசியில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஓரிரு நிமிடம் பாருங்கள். நல்ல பெற்றோல் தடமில்லாமல் ஆவியாகும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை தங்கும். ஒயில் கலந்த பிறகு இந்தச் சோதனை பயன்படாது, எப்படியும் கறை விழும்.

திருப்பிக் கொடுக்கும் முறைக்கு அவுஸ்திரேலியா நல்ல முன்மாதிரி. 2006 ஜூலை 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ள எரிபொருள் வரி மீளளிப்பில் சாயம் இல்லை, தனிப் பம்பு இல்லை. எல்லோரும் ஒரே விலைக்கே வாங்குகிறார்கள். தொழிலுக்காக இயந்திரத்தில் எரித்த பெற்றோலுக்கும் டீசலுக்கும் கட்டிய வரியைத் தமது வழமையான வரிக்கணக்கிலேயே கழித்துக்கொள்கிறார்கள். மொத்த எடை 4.5 தொன் வரையான வாகனம் பொது வீதியில் ஓட எரித்தது கணக்கில் சேராது. செயின்சோவில் எரித்தது சேரும். வருடத்துக்கு 10,000 டொலருக்குக் குறைவாகக் கோருவோருக்குப் பதிவேட்டு விதிகளும் இலகு. அந்த முறையில் கேட்பது எந்த எண்ணெய் என்பதை அல்ல, எந்த இயந்திரத்தில், என்ன வேலைக்கு எரிந்தது என்பதையே. கேள்வி அங்கேதான் இருக்க வேண்டும்.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட முடியாது. அங்கே மீளளிப்புக் கோரப் பொருள், சேவை வரிப் பதிவு அவசியம். நம் நாட்டில் அதற்கு இணையான வற் (பெறுமதி சேர்) வரிப் பதிவுக்கு 2024 ஜனவரியில் வைத்த எல்லை வருடத்துக்கு 60 மில்லியன் ரூபாய் வருமானம். எல்லையை இன்னும் கீழே இறக்கினாலும் இரண்டு செயின்சோவும் ஒரு சிறிய பட்டா லொறியும் வைத்திருக்கும் மூவர் குழு அதன் கிட்டவும் போகாது. ஆகவே மீளளிப்பை வற் பதிவோடு கட்டினால் பெரிய ஒப்பந்தக்காரர் மட்டுமே உள்ளே வருவார். அவருக்கு உள்ளீட்டு வரியை, அதாவது தொழிலுக்கு வாங்கியவற்றில் கட்டிய வற் வரியை, கழித்துக்கொள்ள ஏற்கெனவே வழி உண்டு. சிறியவருக்குத்தான் எந்த வழியும் இல்லை. வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் இருந்தால் போதும் என்று வைப்பதே நியாயம்.

எவ்வளவு பணம் என்பதையும் பார்ப்போம். 2024 ஜனவரி 1 முதல் பெற்றோலும் டீசலும் 18 வீத வற் வரிக்குள் வந்தன. ஒரு லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் வற் மட்டும் 45 ரூபாய் 76 சதம். (300ஐ 18ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும். நேரே 18 வீதம் எடுத்து 54 ரூபாய் என்று எழுதுபவர்கள் பலர், அந்தக் கணக்கு பிழை.) இறக்குமதிக் கட்டத்தில் ஏறும் தீர்வைகள் இதற்கு மேல். 50 சீசீ அளவான செயின்சோவின் தாங்கி அரை லீற்றர் சொச்சம். தொடர்ந்து அடிமரம் அறுத்தால் அரை மணித்தியாலத்தில் காலி. மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும் நாளில் இரண்டு லீற்றரோடு வேலை முடியும், பெருமரம் துண்டு போடும் நாளில் ஐந்து லீற்றர் வரை போகும். 25 குதிரைவலுச் சிப்பர் முழுச் சுமையில் மணிக்கு ஐந்து லீற்றர் டீசல் எரிக்கும். கிளை போடாத இடைவெளிகளையும் சேர்த்தால் சராசரி மூன்று, மூன்றரை.

உண்மையைச் சொல்வதென்றால் ஏணியும் ஒரு வாளுமாகப் போகும் குழுவுக்கு ஒரு நாளில் மிஞ்சுவது சில நூறு ரூபாய்தான். மர வெட்டுக் கூலி இதனால் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வித்தியாசம் தெரிவது சிப்பரில். இன்று கிளைகளைத் தூளாக்குவதைவிட லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவது பலருக்கு மலிவாகப் படுகிறது. ஒரு மாமரத்தின் தலையை வெட்டினால் பட்டா லொறிக்கு மூன்று நான்கு நடை. அதே கிளையைத் தூளாக்கினால் ஒரே நடை, தூள் மரத்தடிக்கு மூடாக்காகவும் போகும். லொறியின் நடை டீசலையும் சிப்பரின் டீசலையும் தட்டில் வைத்துப் பார்க்கும்போது லீற்றருக்கு ஐம்பது ரூபாய் குறைந்தால் தராசு சிப்பர் பக்கம் சாயும். சிப்பரின் இறக்குமதி விலை வேறு தலையிடி, அதை இந்தக் கடிதத்துக்குள் இழுக்கவில்லை.

யாருக்குக் கொடுப்பது? வளவில் புல் வெட்டும் வீட்டுக்காரருக்கு இது தேவையில்லை. பிறர் மரத்தைக் கூலிக்குப் பராமரிப்பவர், வெட்டுபவர், மாநகர சபைக்கோ வீதி அதிகார சபைக்கோ ஒப்பந்தத்தில் செய்பவர் என்று வரையறுக்கலாம். பிரித்தானியாவில் வந்த குழப்பம் இங்கே வராமலிருக்க, “விவசாயம்” “வனம்” என்ற பெருந்தலைப்புகளுக்குள் நம்மைச் சொருகாமல் “மரப் பராமரிப்பு” என்று தனியே ஒரு வரி எழுதிவிட வேண்டும். வீதியோர மரம், வீட்டு வளவு, பாடசாலை, கோயில், பள்ளிவாசல், மயானம் எங்கே நின்றாலும் மரம் மரந்தான். பலா, ஈரப்பலா, பெண் பனை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். அவற்றுக்கு அனுமதிப்பத்திர இலக்கம் இல்லாத கோரிக்கையை நிராகரித்துவிடலாம். களவாக வெட்டுபவனுக்கு வரிப்பணம் திரும்பிப் போகக் கூடாது.

இயந்திரத்தைப் பதிவு செய்வது புதிய வேலையும் அல்ல. 2019 தொடக்கத்தில் செயின்சோ வைத்திருப்பவர்கள் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. 2022 ஜூலையில் எரிபொருளை அளந்து கொடுக்க கியூஆர் அட்டை வந்தபோது மின்பிறப்பாக்கி, புல்வெட்டி போன்ற வாகனமல்லாத இயந்திரங்களைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, வாராந்தத் தேவையையும் பெற்றோல் செட்டையும் (நிரப்பு நிலையத்தையும்) எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். 2023 செப்டெம்பர் 1 முதல் அந்த ஒதுக்கீட்டு முறை நிறுத்தப்பட்டது. ஆனால் வாகனமல்லாத இயந்திரத்தையும் பதிந்து பெற்றோல் அளக்க முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மீனவர்களுக்கும் 2024இல் எரிபொருள் மானியம் அறிவிக்கப்பட்டது. படகுக்குச் செய்யக் கூடியதை வாளுக்குச் செய்ய முடியாதா?

பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு, ஏனென்றால் முறை உடையும் இடம் அதுதான். ஒரு வேலைக்கு ஒரு வரி: திகதி, இடம், இயந்திரத்தின் தொடர் இலக்கம், ஓடிய மணி, ஊற்றிய லீற்றர், பற்றுச்சீட்டு இலக்கம். பெரும் சிக்கல் பற்றுச்சீட்டில் வரும். கேனில் வாங்கும் பெற்றோலுக்கு செட்டில் துண்டு கேட்டால் வாகன இலக்கம் கேட்பார்கள். வேறு வழியில்லாமல் லொறியின் இலக்கத்தைக் கொடுத்தால் அந்தப் பெற்றோல் வீதிக் கணக்கில் விழுந்துவிடும். லொறியோ டீசல் வண்டி. கணக்காய்வாளர் அந்தத் துண்டைக் கிழித்துப் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. எனவே துண்டில் “கலன்” என்று ஒரு குறியீடும் கோருபவரின் அடையாள இலக்கமும் அச்சாக வேண்டும்.

அடுத்த பிழை கலவையில் வரும். 50க்கு 1 என்றால் ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயில். 25க்கு 1 கேட்கும் ஒயிலானால் 200 மில்லிலீற்றர். கோர வேண்டியது ஐந்து லீற்றருக்கே, ஒயிலும் சேர்ந்த கலவையின் அளவுக்கு அல்ல. சங்கிலிக்கு விடும் ஒயில் எரிபொருளே அல்ல, அதைச் சேர்ப்பது மோசடி. கலந்த பெற்றோல் ஒரு மாதத்துக்கு மேல் நல்லபடி நில்லாது. பழையதை ஊற்றினால் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் மெல்லிய சவ்வு விறைத்து, வாள் கிளம்பாமல் அடம்பிடிக்கும். ஆகவே காலாண்டுக்கு ஒருமுறை கோரும்போது 200 லீற்றரை ஒரே நாளில் வாங்கியதாக ஒருவர் துண்டு காட்டினால் சந்தேகப்படுங்கள். செயின்சோக்காரன் அப்படி வாங்க மாட்டான். சீசீ அளவை வைத்து இயந்திரத்துக்கு மாத உச்சவரம்பு ஒன்று போட்டால் இந்த ஏமாற்று பெரும்பாலும் அடைபடும்.

பூம் ட்ரக்தான் முள்ளு. வீதியில் ஓட்டுவதும் அந்த இயந்திரமே, தொட்டியை உயர்த்தும் ஹைட்ரோலிக் பம்பைச் சுழற்றுவதும் அந்த இயந்திரமே, தாங்கியும் ஒன்று. வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு ஓடிய டீசலுக்குச் சலுகை கொடுக்க முடியாது. பொரளையில் நின்று இரண்டு மணி நேரம் பம்பு சுழற்றியதற்குக் கொடுக்கலாம். அதற்குப் பம்பு இணைப்பில் ஓடிய நேரத்தை அளக்கும் மணிமானி ஒன்று பொருத்தி, மணிக்கு இத்தனை லீற்றர் என்று முன்கூட்டியே அறிவித்த அளவால் பெருக்குவதே ஒரே வழி. மணிமானி இல்லாத வண்டிக்குச் சலுகை இல்லை என்று எழுதிவிடுங்கள், சண்டை இருக்காது. இழுத்துச் செல்லும் சிப்பருக்கு இந்தத் தொல்லை இல்லை. தனி இயந்திரம், தனித் தாங்கி, வீதியில் போகும்போது அது ஓடுவதுமில்லை. ஆனால் சிலர் சிப்பரை லொறித் தட்டில் பூட்டி லொறித் தாங்கியிலிருந்தே குழாய் இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் எந்த லீற்றர் எதற்குப் போனது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. தனித் தாங்கி கட்டாயம்.

வரியோடு சேர்த்துத் தீர்க்க வேண்டிய இன்னொன்று கேன். 2022 நெருக்கடியில் கேன்களில் எரிபொருள் கொடுப்பது தடுக்கப்பட்ட நாள்களின் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு செட்டில் கொடுப்பார்கள், அடுத்த செட்டில் கையை விரிப்பார்கள். செயின்சோவைப் பம்புக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பதுக்கலைத் தடுக்க வேண்டும் என்பது சரி. அதற்காகத் தண்ணீர்ப் போத்தலில் ஒளித்து வாங்கும் நிலைக்குத் தொழிலாளியைத் தள்ளுவதுதான் பேராபத்து. மெல்லிய தண்ணீர்ப் போத்தல் பெற்றோல் ஆவியின் அமுக்கத்தில் உப்பும், மூடி கசியும், அதை லொறியின் முன் ஆசனத்தடியில் வைப்பார்கள். எரிபொருளுக்கென்றே செய்த ஐந்து அல்லது பத்து லீற்றர் கலனில், பதிந்த இயந்திரத்தின் இலக்கம் எழுதியிருந்தால் நிரப்பலாம் என்று ஒரு விதி போதும். நிரப்பும்போது கலனை லொறித் தட்டில் வைக்காமல் தரையில் இறக்கி வைக்க வேண்டும், நிலைமின் பொறியிலிருந்து அப்போதுதான் தப்பலாம். வேலைத் தளத்தில் ஊற்றிய இடத்திலேயே வாளைக் கிளப்பாமல் மூன்று மீற்றராவது தள்ளிப்போய்க் கிளப்ப வேண்டும். இதையும் அந்த விதியின் கீழேயே அச்சடித்து செட்டில் ஒட்டலாம்.

ஒரு வாதத்தை நாங்களே கைவிட்டுவிடுகிறோம். “எங்கள் இயந்திரம் வீதியில் ஓடவில்லை, வீதிக்கான வரி எதற்கு” என்று கேட்போர் உண்டு. இந்த வரி வீதிக்கென்று ஒதுக்கப்படுவதில்லை, அரசின் பொதுக் கணக்கான திரட்டு நிதிக்குப் போகிறது. ஆகவே அந்த வாதம் நிற்காது. நிற்கும் வாதம் வேறு. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். கறுவாத்தோட்டத்திலும் பொரளையிலும் வீதிக்கு மேலே கவிந்து நிற்கும் பழைய மாரா மரங்களின் காய்ந்த கிளைகளை ஒழுங்காகக் கழிப்பது பொதுப் பாதுகாப்பு வேலை. அதன் செலவில் வரி ஏறினால் ஒத்திப்போடுவது கூடும். தனியார் வளவிலிருந்து வீதிக்குச் சரிந்த மரங்களில் இது இன்னும் அதிகம். விலை கேட்டுவிட்டு “அடுத்த மழைக்குப் பிறகு பார்ப்போம்” என்று சொல்லும் வளவுகள் எத்தனை என்பது இந்தத் தொழிலில் இருப்போருக்குத் தெரியும்.

நிதி அமைச்சு இதை நாடு முழுவதும் ஒரேயடியாகத் தொடங்கத் தேவையில்லை. கொழும்பு மாவட்டத்தின் பிரதேச செயலகங்களில் இரண்டு காலாண்டுக்கு நடத்திப் பார்க்கலாம். முதலில் செயின்சோவும் தனித் தாங்கிச் சிப்பரும் மட்டும், மணிமானி ஒழுங்கான பின் பூம் ட்ரக். எரிபொருள் விலை திருத்தப்படும் போதெல்லாம் லீற்றருக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே அறிவிப்பில் வெளியிட வேண்டும். விண்ணப்பப் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, தமிழிலும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மரப் பராமரிப்புத் தொழிலில் உள்ளோர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.